மாடியில் செடி, தெருவில் தண்ணீர்: பசுமைக் கூரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மண் கலவை பரப்பிச் செடி வளர்க்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. நேரில் பார்க்க வருகிறவர்களும், கும்பகோணம், திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி, அவசரத்தில் பாதியை விட்டுவிடுவதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இதுவும் மாடித்தோட்டம்தானே? புதுப் பேரு எதுக்கு?

பையிலும் தொட்டியிலும் கத்தரி, வெண்டை வைப்பது மாடித்தோட்டம். அதில் தளத்தின் பெரும்பகுதி வெறும் சிமெண்டாகத்தான் இருக்கும். மழை பைகளுக்கு நடுவே விழுந்து, வாட்டம் பார்த்து ஓடிப் பைப்பில் இறங்கிவிடும். பசுமைக் கூரையில் தளமே மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது. கீழிருந்து மேலாகச் சொன்னால்: கான்கிரீட் தளம், நீர்க்காப்புப் பூச்சு, வேர் இறங்காமல் தடுக்கும் தடித்த ஷீட், தண்ணீர் வடிய உடைசெங்கல் அல்லது பிளாஸ்டிக் வடிகால் அட்டை, மண் கீழே நழுவாமல் பிடிக்கும் துணி, அதன் மேல் லேசான மண் கலவை, கடைசியாகச் செடி.

காய்கறிதான் வேண்டும் என்றால் பையே போதும். மழைத்தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதும், வீட்டைக் குளிர்விப்பதும் நோக்கம் என்றால்தான் இந்தப் பாடு.

மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்? செடி எவ்வளவுதான் குடிச்சிடும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். ஒரு சாயங்கால மழையில் 25 மி.மீ. பெய்தால் அந்த ஒரு மாடியில் மட்டும் 2,300 லிட்டர் விழுகிறது. வெறும் தளமாக இருந்தால் பத்தில் ஒன்பது பங்கு சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடும். ஒரு தெருவில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் அப்படி ஊற்றுவதால்தான் சாக்கடை நிரம்பி, வாசல்படி வரை தண்ணீர் ஏறுகிறது.

மழை கொட்டும்போது செடி குடிக்காது. அந்த நேரத்தில் வாங்கிக்கொள்வது மண்ணின் துளைகள். துளை நிரம்பிய பிறகுதான் மிச்சம் கீழே சொட்டும். செடியின் வேலை மழை விட்ட மறுநாள் தொடங்குகிறது. மண்ணில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விட்டு, அடுத்த மழைக்கு இடத்தைக் காலி செய்து வைக்கிறது. செடி இல்லாத வெறும் மண்ணில் மேல்தோல் ஓரிரு நாளில் காய்ந்து மூடிக்கொள்ளும்; அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். வேர் அந்த அடி ஈரத்தையும் எடுத்துவிடுகிறது.

கோடை மழையன்று வாசலில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். எதிர்வீட்டு பைப்பில் குடம் கவிழ்த்தது போலத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது எங்கள் பைப்பின் வாய் காய்ந்திருக்கும். வெகுநேரம் கழித்து ஒரு நூல்போல இறங்கத் தொடங்கும். எதிர்வீட்டில் நின்றுபோன பிறகும், மறுநாள் காலையில் கோலம் போட வரும்போதும்கூட எங்கள் பைப் சொட்டிக்கொண்டிருக்கும்.

செடி தண்ணிய வெளிய விடுதுன்னு சொல்றீங்களே, கண்ணுக்குத் தெரியலையே?

நன்றாக இலை விட்ட ஒரு கிளையில் கண்ணாடி போன்ற பாலிதீன் பையை மாட்டி, காம்போடு சேர்த்துக் கட்டி வெயிலில் விடுங்கள். மத்தியானம் பார்த்தால் பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அது இலையிலிருந்து வந்தது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்க அவற்றைத் திறந்துதான் ஆகவேண்டும்; திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வேர் இழுக்கும் நூறு லிட்டரில் தொண்ணூற்றேழுக்கு மேல் இப்படி ஆவியாகத்தான் போகிறது. உடம்பில் தங்குவது மிகக் கொஞ்சம்.

இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் தனியாக ஆவியாகும். இரண்டையும் பிரித்து அளப்பது சிரமம் என்பதால் மழைநீர்க் கணக்கில் சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தில் ‘ஆவிச் செலவு’ என்று நான் எழுதுவது இரண்டும் சேர்ந்ததைத்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியாப் போகும்? குத்துமதிப்பா ஒரு கணக்கு சொல்லுங்க.

நம் காவிரி டெல்டாவில், மண்ணில் ஈரம் தாராளமாக இருந்து செடி தளத்தை மூடியிருந்தால், சித்திரை வைகாசி வெயிலில் நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. போகும். ஐப்பசியில் மழை விட்டு வெயில் காயும் நாளில் 3 முதல் 4. வானம் மூடி, தூறிக்கொண்டே இருக்கும் நாளில் 1 முதல் 2 மி.மீ. போனால் அதிகம். வெயில், காற்று, காற்றிலுள்ள ஈரம், மண்ணில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. வேளாண் வானிலை நிலையங்களில் 120.7 செ.மீ. விட்டமும் ஒரு சாண் ஆழமும் உள்ள வட்டத் தொட்டியில் தண்ணீர் வைத்து, தினம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவில் ஏறக்குறைய 0.7 பங்கை எடுத்தால் பச்சைப் புல் பரப்பு விடும் ஆவிச் செலவு கிடைக்கும்.

உங்கள் மாடியின் கணக்கே வேண்டும் என்றால் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. ட்ரே ஒன்றில் அதே மண், அதே செடி வைத்து, நன்றாக நனைத்து, சொட்டு நின்ற பிறகு தொங்கு தராசில் எடை போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி போடுங்கள். ட்ரே கால் சதுர மீட்டர் என்பதால் 1 கிலோ குறைந்தால் 4 மி.மீ. போயிருக்கிறது. கால் கிலோ குறைந்தால் 1 மி.மீ. நான் இதை நோட்டுப் போட்டு எழுதி வந்த நாட்களில்தான் என் மாடியைப் புரிந்துகொண்டேன். மோடம் போட்ட நாளில் தராசு முள் அசையக்கூட இல்லாததைப் பார்த்தால், கார்த்திகையில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காவிரி வண்டலைவிட நல்ல மண்ணு ஏது? வயல்லேர்ந்து ரெண்டு டிராக்டர் அடிச்சுக் கொட்டிடலாமா?

வேண்டாம். வயலில் அது பொன். மாடியில் பாரம். நம் களிமண் நனைந்தால் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னை நெருங்கும், 10 செ.மீ. பரப்பினாலே சதுர மீட்டருக்கு 190, 200 கிலோ. நனைந்தால் இறுகித் தண்ணீரை வடிய விடாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு வழியே அடுத்த மழை நேரே கீழே இறங்கிவிடும். மண் எதையும் பிடித்து வைக்காது. ஆற்று மணலும் ஆகாது. அதுவும் எடை, தண்ணீரும் நிற்காது.

உடைசெங்கல் பொடி, தேங்காய் நார்க்கழிவு, கருக்கிய உமி, மக்கிய எரு, கைப்பிடியளவு தோட்டமண். இதுதான் என் கலவை. எல்லாம் பக்கத்திலேயே கிடைப்பவை. நார்க்கழிவை மட்டும் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அதில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். நான் முதல் வருடம் கழுவாமல் போட்டேன். முதல் மழையில் பைப்பிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் இறங்கி, அப்போதுதான் வெள்ளையடித்திருந்த பக்கத்து வீட்டுச் சுவரில் கோடு கோடாக வழிந்துவிட்டது. அந்தச் சுவருக்கு மறுபடி வெள்ளையடித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டம்மா என்னிடம் கோபப்படாமல் இருந்தது அவர்கள் பெருந்தன்மை.

எங்க வீட்டுத் தளம் தாங்குமா?

கட்டட எஞ்சினியர் நேரில் பார்த்துச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. நானும் சொல்லமாட்டேன். கணக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு கட்டடம் தாங்கவேண்டிய பாரத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875-ன்படி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்று எடுத்துக் கட்டுவார்கள். மேலே சொன்ன லேசான கலவை 10 செ.மீ. பரப்பி முழுக்க நனைந்தால் 110 முதல் 130 கிலோ வரும். அது போய்வரும் ஆளைப் போன்ற பாரம் இல்லை. ராத்திரி பகல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆயிரம் சதுர அடிக்கு 10 முதல் 12 டன். ஆட்கள் நடமாடும் பாரம் அதற்கு மேல் தனி.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பழைய தெருக்களில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். உத்தரத்தின் சுவருக்குள் இருக்கும் முனை உளுத்திருந்தால் வெளியே தெரியாது. அந்த வீடுகளின் முற்றத்தில் மழைத்தண்ணீரைப் பிடிப்பதே அவற்றுக்குப் பொருத்தம்.

வீடு ஒழுகாதா? வேர் தளத்தப் பொளந்துடாதா?

ஒழுகும், அவசரப்பட்டால். பழைய சுருக்கியும் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை) தட்டோடும் இருந்தால் விரிசலைப் பார்த்து, வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் மேல் நீர்க்காப்புச் செய்து, வரம்பு கட்டி இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். கசிவு இல்லை என்று உறுதியான பிறகே வேர்த்தடுப்பு ஷீட். மண் போட்ட பிறகு கசிவைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

நாம் வைக்கும் சிறுசெடிகளின் வேரால் ஷீட்டுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து நாம் வைக்காத செடியால்தான் வரும். காக்கையும் மைனாவும் கொண்டுவந்து போடும் அரசு, ஆல், அத்தி விதைகள். இரண்டிலை விட்டபோதே பிடுங்குங்கள். ஒரு மழைக்காலம் விட்டால் வேர் கைப்பிடிச் சுவரின் இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, பைப்பின் வாயைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணே போடாமல் கூழாங்கல் மட்டும் போட்டு, மேலே வலை வையுங்கள். எங்கள் பைப் ஒரு ஐப்பசியில் சருகு அடைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது. 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு இன்னும் 100 கிலோ. அதன்பிறகு கைப்பிடிச் சுவரில் தளத்துக்குச் சற்று மேலே அவசர வழியாக இரண்டு ஓட்டை போட்டுவிட்டோம்.

எந்தச் செடி வெக்கலாம்?

பத்துமணிப்பூ, பருப்புக்கீரை, பொடுதலை, அருகம்புல், ஓரத்தில் பிரண்டையும் கற்றாழையும். மண் கொஞ்சம் ஆழமாக உள்ள இடத்தில் துளசி, கற்பூரவல்லி. வெட்டிவேருக்கு இந்த ஆழம் பத்தாது. முருங்கை, வாழை, கொய்யா பேச்சே வேண்டாம். வெளிநாட்டுப் படங்களில் வரும் சீடம் செடி குளிர்நாட்டுக்கு உரியது. நம் வெயிலையும் கார்த்திகை ஈரத்தையும் சேர்த்து அதனால் தாங்க முடியாது.

தண்ணியே கேக்காத செடியா வெச்சிட்டா வேலை மிச்சம்தானே? கள்ளி, கத்தாழை மட்டும் போதாதா?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கற்றாழை, பிரண்டை, கள்ளி வகைகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்பவை. ராத்திரி வெயில் இல்லை, சூடு குறைவு. அதனால் மிகக் குறைந்த தண்ணீரே வெளியேறும். வறட்சியைத் தாண்டிவிடும். ஆனால் இரண்டாம் கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அடுத்த மழைக்கு இடம் வேண்டுமானால் மண்ணிலுள்ள தண்ணீரை யாராவது குடித்துத் தீர்க்கவேண்டும். கற்றாழை அதைச் செய்யாது. கற்றாழை மட்டும் வைத்த மாடி சொதசொதவென்று ஈரமாகவே கிடக்கும். அடுத்த மழை நேரே தெருவுக்குப் போகும்.

சரி, தாகமெடுத்த செடியாக வைத்தால்? குடித்துத் தீர்க்கும். பத்து நாள் மழை இல்லாவிட்டால் செத்துப்போகும். ஆகவே தேவைப்படுவது, கிடைக்கும்போது தாராளமாகக் குடித்து, இல்லாதபோது வாயை மூடிக்கொள்ளும் செடி. நம் வரப்பில் தானே முளைக்கும் பருப்புக்கீரை அதைத்தான் செய்கிறது. ஈரம் இருக்கும்வரை வெயிலில் வேகமாக வளரும் செடிகளைப் போலப் பகலில் துளையைத் திறந்து வேலை செய்யும். மண் காய்ந்ததும் கற்றாழை முறைக்கு மாறி ராத்திரியில் திறக்கும். தண்ணீர் கிடைத்தால் திரும்பப் பழைய முறை. ஒரே செடி இரண்டு முறைக்கும் மாறுவது தாவர உலகத்தில் அபூர்வம். நாம் அதைக் களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிறோம்.

என் மாடியில் செடி வைத்த இடத்தில் பாதிக்கு மேல் பருப்புக்கீரையும் பத்துமணிப்பூவும். இரண்டும் ஒரே குடும்பம். நடுநடுவே பொடுதலையும் அருகும். ஒன்று வாடும்போது மற்றொன்று தாங்கும். ஒரே செடியை மாடி முழுக்க வைக்காதீர்கள்.

கோடையில போர் தண்ணிய ஊத்தி வளர்த்துட்டு மழைத்தண்ணிய சேமிக்கிறோம்னா கணக்கு இடிக்குதே?

இடிக்கத்தான் செய்கிறது. மே மாதம் நாளுக்கு 5 மி.மீ. ஆவிச் செலவை முழுக்க ஈடு கட்ட நினைத்தால் ஆயிரம் சதுர அடிக்கு 465 லிட்டர் வேண்டும். ஒரு குடும்பத்துக்குத் தேவையான தண்ணீர் அது. அதைப் போரிலிருந்து இறைத்துப் புல்லைப் பச்சையாக வைத்துக்கொள்வது நியாயம் என்று நான் நினைக்கவில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ஆவியாகும்போது தண்ணீர் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். இரண்டு கோடையில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரும் அப்படித்தான்.

செடி உயிரோடிருக்க மட்டும் வாரம் இரண்டு முறை, அரிசி கழுவிய தண்ணீர், ஏசி சொட்டும் தண்ணீர், காய் அலசிய தண்ணீர் என்று கிடைப்பதை ஊற்றுங்கள். சித்திரையில் மாடி பாதி பழுப்பாக இருந்தால் இருக்கட்டும். பத்துமணிப்பூவின் தண்டு காய்ந்தது போலக் கிடந்து, முதல் மழைக்கு மறுபடி தளிர்க்கும்.

ஐப்பசியில அடைமழை, கார்த்திகையில கனமழைன்னு சொல்வாங்க. அதுக்கு இது தாங்குமா?

தாங்காது. இதை மறைத்துப் பசுமைக் கூரையை விற்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. 10 செ.மீ. கலவை, காய்ந்த நிலையில், ஏறக்குறைய 25 மி.மீ. மழையைப் பிடித்து வைக்கும். அதைக் குடித்துத் தீர்க்க நாளுக்கு 4 மி.மீ. என்றால் ஆறு நாள். காயக் காயச் செடி குடிப்பதும் குறையும் என்பதால் உண்மையில் எட்டுப் பத்து நாள். வானம் மூடிய நாளில் 1, 2 மி.மீ. தான் போகும் என்று நான்காம் கேள்வியில் சொன்னேன்; கார்த்திகையில் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு வாரம் மழையே இல்லாமல் இருந்தால்தான் முழு இடமும் காலியாகும். அந்த மாதத்தில் யார் நமக்கு இரண்டு வாரம் தரப்போகிறார்கள்? முதல் நாள் மழை மண்ணை நிரப்பிவிடும். இரண்டாம் நாளிலிருந்து விழுவதெல்லாம் கீழே வரும்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் பெய்தது. 600 மி.மீ.யில் 25 மி.மீ. என்பது நூற்றுக்கு நான்கு. அப்படிப்பட்ட நாளுக்கு வாய்க்காலும் வடிகாலும் குளமும்தான் பதில். மாடியில் செடி வைத்துவிட்டோம் என்று சொல்லித் தெருமுனைக் குட்டையைத் தூர்க்க அனுமதித்தால் ஊரே முழுகும்.

அப்ப எதுக்குத்தான் இது? தெருவுல தண்ணி நிக்கிறது குறையுமா, குறையாதா?

பேய்மழைக்குக் குறையாது. வருடம் முழுக்க வரும் மற்ற மழைக்குக் குறையும். வைகாசி, ஆடி, ஆவணி, புரட்டாசியில் பகல் முழுக்கக் காய்ந்து சாயங்காலம் இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டுகிறதே, அந்த மழைக்கு இது அப்படியே பொருந்தும். இடையில் வெயில் நாள் இருப்பதால் மண்ணில் இடம் தயாராக இருக்கும். நம் ஊர்த் தெருக்களில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வாசலுக்கு ஏறுவது பெரும்பாலும் இந்தத் திடீர் மழைகளில்தான். ஐம்பது வீடுகள் இதைச் செய்தால் 25 மி.மீ. மழையில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய பத்து, சாக்கடைக்கு வராமல் நிற்கும். ஒரே வீடு செய்தால் தெருவுக்கு ஒன்றும் தெரியாது.

மண் நிரம்பிய பிறகும் ஒரு பயன் உண்டு. துளைகளுக்குள் நுழைந்து வருவதால் தண்ணீர் தாமதித்து இறங்குகிறது. உச்சத்தில் எல்லார் வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வராமல் கொஞ்சம் பின்தங்கி வந்தால் சாக்கடைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

திருவாரூரைப் பற்றி ஒரு சொல்வழக்கு உண்டு: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. வேலி என்பது பழைய நில அளவு. சாமிக்கு விட்ட நிலத்தின் அளவுக்கு இரண்டு மடங்கைத் தண்ணீருக்கு விட்டிருக்கிறார்கள். அந்தக் குளமான கமலாலயத்தின் படியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த அளவு உறைக்கும். நாம் அந்த இடத்தையெல்லாம் வீடாக்கிவிட்டு, தண்ணீருக்கு மிச்சம் விட்டிருப்பது மொட்டைமாடியைத்தான்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டியாச்சு. ரெண்டும் வேணுமா?

2003ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு கொண்டுவந்தது. பசுமைக் கூரை அதற்கு மாற்று ஆகாது, தொட்டி இருக்கட்டும். ஆனால் செடிமாடியிலிருந்து இறங்கும் தண்ணீர் தேநீர் நிறமாகவும் எருச்சத்தோடும் இருக்கும் என்பதால் குடிக்கும் தொட்டிக்கு விடாதீர்கள். மாடியில் பாதியை வெறும் தளமாக விட்டு அந்தத் தண்ணீரை வடிகட்டித் தொட்டிக்கும், செடிப்பாதியின் தண்ணீரைத் தோட்டத்துக்கும் விடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான். பாரமும் பாதியாகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டெல்டாவின் களிமண் பகுதிகளில் கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். உறிஞ்சுகுழி அப்போது எதையும் உறிஞ்சாது, கிணறுபோல நிரம்பி நிற்கும். குழி வேலை செய்யவில்லை என்று அதை மூடிவிடாதீர்கள். மாசி பங்குனியில் ஒரு மழை வந்தால் அப்போது குடிக்கும்.

வீட்டுக்குள்ள குளுகுளுன்னு ஆகுமா?

குறையும், ஏசி போட்டது போல ஆகாது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே காரணம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. செடி நன்றாகக் குடிக்கும் நாளில் ஆயிரம் சதுர அடி மாடியில் 370 லிட்டர் போனால், 250 யூனிட் அளவு வெப்பம் தளத்துக்குள் இறங்காமல் ஆவியோடு போய்விடுகிறது. இலை நிழலும் மண் கனமும் சேர்ந்து, ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும் தளம் அப்படி அடிக்காது.

மண் காய்ந்துவிட்டால் இந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும், நிழலும் கனமும் மட்டும் மிஞ்சும். கடலோரத்தில் புழுக்கமான நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவதும் மந்தம். குளிர்ச்சி மட்டும்தான் வேண்டும் என்றால் வெள்ளைப் பூச்சு மலிவு. அதைச் செய்யுங்கள்.

கொசு வராதா?

மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தில் கொசு முட்டையிடாது. திறந்து நிற்கும் தண்ணீரில்தான். வாட்டம் சரியாக இருந்தால் தேங்காது. ட்ரேக்கு அடித்தட்டு வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மூலைமுடுக்கைப் பாருங்கள்.

கஜா மாதிரி காத்து அடிச்சா?

2018 நவம்பர் 16 நள்ளிரவு கழிந்து வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயம். தளத்தோடு படர்ந்த குட்டைச் செடியும் நனைந்த மண்ணும் பறக்காது. பறப்பது தனி ட்ரே, நிழல்வலை, மூங்கில் பந்தல். மாடியின் ஓரமும் மூலையும்தான் காற்று மேலே இழுக்கும் இடம். அங்கே மண்ணுக்குப் பதில் கனமான கல் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் நிழல்வலையை அவிழ்த்து, பைப் வாயைச் சுத்தம் செய்துவிட்டுக் கீழே வந்துவிடுங்கள்.

மழைக்கு முந்தி மண்ணு காஞ்சிருக்கணும்ங்கிறீங்க. காஞ்சா செடி வாடுமே? வாடின செடி குடிக்காதே?

இதைக் கேட்டவர் ஒரு விவசாயி. கேள்வி மிகச் சரி. எலும்பாகக் காயவிட்டால் இரண்டு கெடுதல். செடி இலையைக் கொட்டிவிட்டு, மழை வந்த பிறகும் பத்து நாள் குடிக்காமல் இருக்கும். நார்க்கழிவும் ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் முதல் மழையை உடனே வாங்காது, இடுக்கு வழியே தண்ணீர் ஓடிவிடும். அதனால் முழுக்க நிரம்பியும் இல்லாமல் முழுக்கக் காய்ந்தும் இல்லாமல் வைத்திருக்கவேண்டும்.

நான் செய்வது இது. புரட்டாசியில் மேகம் கூடத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவேன். அதற்கு இரண்டு வாரம் முன்பே செடி நன்றாகத் தழைத்திருக்கும்படி பார்த்துக்கொள்வேன், ஏனென்றால் இலை அதிகம் இருந்தால்தான் வேகமாகக் குடிக்கும். மண்ணில் விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்தால் லேசான குளுமை மட்டும் தெரியவேண்டும், விரலில் ஒட்டக்கூடாது.

ஆவியாப் போற தண்ணி வீண்தானே? தண்ணிக்காகக் காத்துக்கிடக்கிற கடைமடையில இதைச் சொல்லலாமா?

அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்று முதலில் பாருங்கள். எங்கள் தெருவில் மாடித் தண்ணீர் சாக்கடையில் விழுந்து, கழிவோடு கலந்து, வடிகாலில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. எந்த வயலுக்கும் போவதில்லை. அதை மாடியிலேயே ஆவியாக விடுவதில் நட்டம் இல்லை, தெருவுக்கு லாபம் உண்டு.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. போன மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். அவர் வீட்டுப் பைப் எங்கே விழுகிறது என்று கேட்டேன். கொல்லையில் ஒரு குட்டை, அதில்தான் மாடு குடிக்கிறது, பங்குனி வரை தண்ணீர் நிற்கும் என்றார். “அப்படின்னா உங்களுக்கு வேண்டாம் ஐயா. மாடியைக் கூட்டிச் சுத்தமா வெச்சு, எல்லாத் தண்ணியும் குட்டைக்கே போகட்டும். அந்தப் பணத்துல குட்டையைத் தூர்வாருங்க” என்றேன். “செடி வெக்க ஆசையா இருந்துச்சு” என்றார். குட்டைக் கரையில் வெட்டிவேர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.